புகையும் புழுதியும் வானக் கண்ணும்

(திண்டுக்கல்லில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கார்த்திகை மழை ஓய்ந்த மறுநாள் நம் மலைக்கோட்டையின் மீது ஏறி நின்று பார்த்தால், தென்கிழக்கே சிறுமலையின் மடிப்புகளும் மேற்கே பழனிமலைத் தொடரின் முகடுகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பன போலத் தெளிவாகத் தெரிகின்றன. அதே பாறையில் பங்குனிப் பிற்பகலில் நின்று பார்த்தாலோ, மலை இருந்த திசையில் சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்குவதே தெரிகிறது. இஃது என்னவென்று பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள். ‘வெயில் மூட்டம்’ என்பார் ஒருவர். ‘மலையில் தீ விழுந்திருக்கிறது, அதன் புகை’ என்பார் மற்றொருவர். ‘காற்றில் கிளம்பிய புழுதி’ என்பார் மூன்றாமவர். மூவர் சொல்லும் ஒவ்வொரு நாளில் உண்மையாதல் கூடும். ஆனால் அன்றைய தினத்தில் எது உண்மை என்பதைத் தரையில் நின்று தேறுவது எளிதன்று.

தேறாமல் விட்டுவிடலாமே எனில், அதற்கும் இடமில்லை. மூட்டமாயின் நாம் வாளாவிருக்கலாம். புகையாயின் எங்கோ காடு எரிகிறது என்பது பொருள். எரிவது நம் ஊர் எல்லையிலா, நாற்பது கல் தொலைவிலா என்று உடனே அறிந்தாக வேண்டும். இதற்குத் துணை செய்யும் பொருட்டு இப்போது வானத்திலே சில கண்கள் வைக்கப்பட்டுள்ளன. அவை எவ்வாறு பார்க்கின்றன, எதனைப் பார்க்கத் தவறுகின்றன, தவறும் இடத்தில் நம் கடமை யாது என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1883 ஆகஸ்டு இறுதியில் ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையேயுள்ள கிரக்கட்டோவா என்னும் எரிமலை வெடித்துச் சிதறியது. அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சை நிறமாகக் காட்சியளித்தது. மக்கள் அஞ்சினர், அறிஞர்கள் வியந்தனர். அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராய் இருந்த மிச்சி ஸ்மித் என்பவர் அந்தப் பச்சைச் சூரியனை நிறமாலைக் கருவி கொண்டு ஆராய்ந்தார். பின்னாளில் நம் கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கியபோது அதன் தலைவராய் அமர்ந்தவரும் அவரே. எரிமலை கக்கிய நுண்துகள்கள் வானின் உயரே காற்றோடு கலந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பூமியையே ஒருமுறை வலம் வந்துவிட்டன என்று பிறகு கண்டறிந்தார்கள். எப்படிக் கண்டறிந்தார்கள்? கப்பல் மாலுமிகளின் நாட்குறிப்புகளையும், பல நாட்டிலிருந்து வந்த கடிதங்களையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த ஊரில் எந்த நாளில் வானம் நிறம் மாறியது என்று குறித்தே கண்டார்கள். இலண்டன் ராயல் சங்கத்தின் அறிக்கை வெளிவந்தது 1888-இல். இரு வாரத்தில் நடந்து முடிந்த பயணத்தின் வழியை எழுதி முடிக்க ஐந்து ஆண்டுகள்! இன்று அத்தகைய மேகம் ஒன்று கிளம்பினால், அது செல்லும் வழியைக் கால் மணிக்கு ஒரு முறை படமாகக் காணலாம்.

அந்தப் படங்களை எடுக்கும் செயற்கைக் கோள்கள் இருவகையின. ஒருவகை, நிலநடுக்கோட்டிற்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே தாமும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பன போலத் தோன்றுபவை. நம் நாட்டின் இன்சாட்-3டிஆர் 2016-இலும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரியிலும் ஏவப்பட்டன. ஒரு கோள் அரை மணிக்கு ஒரு படம் தரும். இரண்டு கோள்கள் மாறி மாறி எடுத்தால் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கும். மற்றொரு வகை, சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே வடக்கும் தெற்குமாய்ப் பூமியைச் சுற்றி ஓடுபவை. அமெரிக்கர் ஏவிய டெரா (1999), அக்குவா (2002), சுவோமி (2011), நோவா-20 (2017), நோவா-21 (2022) ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

வரப்பின் மேல் நிற்பவனுக்கும் பனையின் மேல் ஏறியவனுக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும். பனையேறியவனுக்கு ஊர் முழுதும் தெரியும். வயலில் உள்ள பூச்சி தெரியாது. இதை உழவர்களாகிய நமக்குப் பழக்கமான ஏக்கர்க் கணக்கில் சொல்லலாம். செயற்கைக் கோளின் படம் என்பது சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்திற்குள் இருப்பது அனைத்தும் அதற்கு ஒரே புள்ளி. தீயைக் காணும் வெப்பப் படத்தில் இன்சாட்டின் ஒரு கட்டம் 4 கிலோமீட்டருக்கு 4 கிலோமீட்டர். அதாவது ஏறத்தாழ 3,950 ஏக்கர். சிறிய ஊராட்சி ஒன்று முழுவதும் ஒரே புள்ளியில் அடங்கிவிடும்! டெரா, அக்குவா கோள்களில் உள்ள மோடிஸ் கருவியின் கட்டம் 247 ஏக்கர். சுவோமியிலும் நோவா கோள்களிலும் உள்ள வீர்ஸ் என்னும் கருவியின் கட்டம் 375 மீட்டர் சதுரம். ஏறத்தாழ 35 ஏக்கர். ஆகவே, ‘இன்ன இடத்தில் தீ’ என்று அக்கருவி கூறினால், அந்த 35 ஏக்கருக்குள் எங்கோ ஓரிடத்தில் தீ என்றுதான் கொள்ள வேண்டும். முழு 35 ஏக்கரும் எரிகிறது என்று கொள்ளலாகாது. கட்டத்தின் ஒரு மூலையில் கடுந்தீ எரிந்தாலும் கட்டம் முழுதும் சுட்டுக் காட்டப்படும்.

தீயை எவ்வாறு அறிகிறது? கொல்லன் உலையிலிருந்து சில அடி தள்ளி நின்றாலும் முகத்தில் வெம்மை அடிக்கிறது அல்லவா? பொருள் சூடேறச் சூடேற அது வெளிவிடும் கதிர்களின் அளவு கூடுகிறது, அலைநீளமும் குறுகுகிறது. வெயிலில் காய்ந்த தரை சுமார் 11 மைக்ரான் அலைநீளத்தில் மிகுதியாகக் கதிர் விடும். எரியும் தீயோ 4 மைக்ரானை ஒட்டிய அலைநீளத்தில் பன்மடங்கு ஒளிரும். கருவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு, சுற்றுப்புறக் கட்டங்களைக் காட்டிலும் எந்தக் கட்டம் மிகை காட்டுகிறதோ அதனைத் தீ எனக் குறிக்கிறது. செங்கற் சூளையும் அதற்குத் தீதான். புகை இந்த வெப்பக் கதிர்களைப் பெரிதும் மறைப்பதில்லை. ஆதலால் புகைக்கு அடியில் உள்ள தீயும் தெரியும். மேகம் மறைத்தால் தெரியாது. அடர்ந்த மரங்களின் கீழே சருகில் ஊர்ந்து செல்லும் தாழ்ந்த தீயும் பல வேளைகளில் தப்பிவிடும். சிறுமலைச் சாரலில் சருகுத் தீயைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

புகையையும் புழுதியையும் மேகத்தையும் பிரித்தறிவது இன்னும் நுட்பமான வேலை. பகற்படத்தில் புகை நீலம் கலந்த சாம்பல் நிறம். தீப்புள்ளியில் மெலிதாகத் தொடங்கிக் காற்று வீசும் திசையில் விரிந்துகொண்டே போகும். புழுதி பழுப்பு நிறம். நீலக் கடலின் மேல் செல்லும்போது அது பளிச்சென்று தெரியும். வறண்ட செம்மண்ணின் மேல் செல்லும்போது, மண்ணோடு மண்ணாய்க் கலந்து கண்ணை ஏமாற்றும். அதனால் வெப்பக் கதிர்களிலேயே வேறொரு சோதனை செய்கிறார்கள். 11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் அளந்து கழித்துப் பார்த்தால், மெல்லிய மேகத்திற்கு ஒரு குறியும் மண் தூசுக்கு அதற்கு எதிரான குறியும் வரும். இவையன்றி, 2017-இல் ஐரோப்பியர் ஏவிய சென்டினல்-5பி என்னும் கோள் புற ஊதா ஒளியில் பார்த்து, மேகத்தின் மேலே மிதக்கும் புகையையும் தூசையும்கூட அடையாளம் காண்கிறது.

புகை எவ்வளவு தூரம் செல்லும் என்று கேட்கலாம். 2023 ஜூன் மாதத்தில் கனடா நாட்டுக் காடுகள் எரிந்தபோது அப்புகை நியூயார்க் நகரத்து வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஐரோப்பா வரையும் சென்றது. புழுதியும் அப்படித்தான். 2022 ஜனவரி 23-ஆம் நாள் பம்பாய் மாநகரில் நின்ற வண்டிகளின் மீதெல்லாம் வெண்ணிறத் தூசு படிந்தது; அது கராச்சிப் பக்கத்திலிருந்து அரபிக் கடலின் மேலாக வந்த புழுதி. கடலைக் கடந்து அது வந்துகொண்டிருந்ததைச் செயற்கைக் கோள் படங்கள் காட்டின. ஆனி, ஆடி மாதங்களில் அரேபியப் பாலையின் தூசு தென்மேற்குப் பருவக் காற்றோடு கலந்து நம் நாட்டின் மேற்குக் கரையை நோக்கி வருவதும் அப்படங்களில் பழுப்புப் பட்டையாகத் தெரியும்.

எனினும், ஆடி மாதத்தில் வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் கிளம்பும் புழுதிக்கு அரேபியாவைக் குறைகூற வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, உழுது வெறுமனே கிடக்கும் நிலத்தின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. கல் உடைக்கும் இடங்களிலும் வண்டித் தடங்களிலும் எழுவதும் உண்டு. வான் படத்தில் இவை தனித்துத் தெரிவது அரிது; கட்டம் பெரிது, புழுதியோ சிறிது. இது நம் கண்ணுக்குத் தெரிந்த தீங்கு. இதற்குப் பரிகாரமும் நம் கையிலேயே உள்ளது. வரப்போரத்து மர வரிசையும், தட்டையை அடியோடு பிடுங்காமல் தாள் நிறுத்தி அறுப்பதும் நம் பெரியோர்கள் அறியாதவை அல்ல.

மற்றொன்றும் கூறிவிட வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தில் புகை இருக்கிறதென்றால், அது நம் மூக்கின் மட்டத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டலாகாது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் புகையும் படத்தில் அப்படியேதான் தெரியும். சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் எவ்வளவு என்பதைத் தரையில் வைத்த கருவியே சொல்ல வல்லது.

இனி, இவ்வுரையில் நாம் முதன்மையாய்ச் சொல்ல வந்த பொருளுக்கு வருவோம். ஓடும் கோள்கள் நம் தலைக்கு மேலே எப்போதும் இருப்பதில்லை. 35 ஏக்கர்க் கட்டத்தில் பார்க்கும் கோள்கள் நம் பகுதியைக் கடப்பது பகல் 1.30 மணியை ஒட்டியும், நள்ளிரவுக்குப் பின் 1.30 மணியை ஒட்டியுமே. இப்போது எண்ணிப் பாருங்கள். பங்குனி மாதம், மாலை நான்கு மணி. சிறுமலை அடிவாரத்தில் ஒருவர் தோட்டத்துச் சருகைக் கூட்டித் தீ வைக்கிறார். பகல் முழுதும் சூடேறிய சரிவில் காற்று மேல்நோக்கி வீசுகிறது. தீயும் அதனோடு மலையேறுகிறது. சரிவு செங்குத்தாக ஆக அதன் வேகம் பெருகுகிறது. இந்தத் தீயை அந்தக் கோள்கள் காணும் நேரம் நள்ளிரவு கடந்தபின். ஏறத்தாழ ஒன்பது மணி நேரம்! பெருந்தீயாயின் முன்னதாகவே வேறு கோள்களின் கண்ணில் படலாம். அணைக்கக்கூடிய அளவில் இருக்கும் தீ படாது. அணைக்கும் அளவு கடந்த பின் தெரிந்து ஆவதென்ன?

இந்த இடைவெளியை அறிந்தவர்கள் அதனை வேறு விதமாகப் பயன்படுத்துவதும் உண்டென்று ஐயம் எழுந்துள்ளது. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் ஐப்பசி மாதத்தில் நெற்தாளை எரிப்பதும், அப்புகை தில்லி வரை சூழ்வதும் நீங்கள் அறிந்ததே. அங்குத் தீப்புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வானில் புகையோ அதற்கேற்பக் குறையவில்லை. 2024-இல் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா இம்முரண்பாட்டைச் சுட்டிக் காட்டினார். ஒரே இடத்தில் நின்று பார்க்கும் கொரிய நாட்டுக் கோளின் படங்களில், பிற்பகல் கோள் கடந்து சென்ற பின்னரே புகைத் திரள் எழுவது தெரிந்தது. எரிப்போர் நேரம் பார்த்து எரிக்கின்றனரோ என்று அதன்மேல் பெரிய விவாதம் நடந்தது. நமக்கு இதில் தோன்றுவது இதுதான்: வானக் கண்ணைக் காவற்காரன் என்று எண்ணினால் அதனை ஏய்க்கவே வழி தேடுவோம். பஞ்சாபில் எரிப்பது சமவெளி. இங்கு எரிவதோ மலையடிவாரம். கோளை ஏய்த்துவிடலாம், சரிவில் ஏறும் தீயை ஏய்க்க முடியுமா?

2018 மார்ச் 11-ஆம் நாளை இப்பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அண்டை மாவட்டமாகிய தேனியில், போடிக்கு மேலே குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்களைப் பிற்பகலில் காட்டுத் தீ சூழ்ந்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவு. இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளம் வயதினர். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. ஆனால் தீக்காயம் பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து இறக்கியவர்களுள் அவ்வூர் மக்களும் இருந்தனர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். நம் மாவட்டத்திலும் 2024 ஏப்ரல் இறுதியில் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கங்களில் பற்றிய தீ சில நாள் வரை எரிந்தது.

தீச் செய்தி நமக்கு வந்து சேரும் முறை இது: கோள் அனுப்பும் தகவலை ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம் பெறுகிறது. அதிலிருந்து தீப்புள்ளிகளைப் பிரித்து, டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் மாநில வனத் துறைகளுக்கு அறிவிக்கிறது. 2004-இல் தொடங்கிய ஏற்பாடு இது. 2017 முதல் 35 ஏக்கர்க் கட்டத்துக் கருவியின் தகவலும் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரியில் மேலும் சீர்திருத்தப்பட்டது. வனத் துறையினர்க்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. பொதுமக்களுள் எவரும் அந்நிறுவனத்தின் வன அக்னி என்னும் தளத்தில் தம் கைபேசி எண்ணைப் பதிவு செய்துகொண்டு, தம் பகுதித் தீச் செய்தியைக் குறுஞ்செய்தியாய்ப் பெறலாம். மலையடிவாரத்து ஊராட்சிகளில் ஊருக்கு இருவரேனும் பதிவு செய்துகொள்ளுதல் நன்று. இருவர் என்று சொல்வதற்குக் காரணம், ஒருவர் கைபேசி எப்போதும் சார்ஜ் இல்லாமலே இருக்கும்!

படம் எடுத்த கணமே செய்தி வந்துவிடாது; இடையில் நேரம் கழியும். ஆகையால் நமது காவல், கோளின் பார்வை முடியும் நேரத்தில் தொடங்க வேண்டும். மாசி முதல் சித்திரை வரை, பிற்பகல் இரண்டு மணி முதல் ஊர் உறங்கும் வரை, மலையைப் பார்க்கும்படியான ஓரிடத்தில் ஒருவர் கண் வைத்திருப்பது பெரிய செலவன்று. ஆடு மேய்ப்போரும், மலைக்காய்கறி ஏற்றிவரும் வண்டிக்காரர்களும் ஏற்கெனவே அங்கு உலவுகின்றனர். அவர்களிடம் வனக் காவலர் எண்ணும் தீயணைப்பு நிலையத்தின் 101-உம் இருந்தால் போதும். புகை கண்ட நேரம், காற்றின் திசை, புகையின் நிறம் ஆகிய மூன்றையும் சொன்னால் மிகவும் பயன்படும். காய்ந்த புல் எரிந்தால் புகை வெளிறியும் மெலிந்தும் இருக்கும். பச்சை மரமும் ஈரச் சருகும் சேர்ந்தால் திரண்டு எழும்.

தோட்டத்துக் குப்பையைப் பற்றி நண்பர் ஒருவர் முன்னரே கேட்டார்: “எங்கள் வேலிக்குள் நாங்கள் எரிப்பதில் யாருக்கு என்ன நட்டம், ஐயா?” எரிக்காமல் மட்கச் செய்வதே நிலத்திற்கு நல்லது என்று வேளாண் துறையார் பலமுறை கூறியிருக்கிறார்கள், அதை நாம் திரும்பக் கூறவில்லை. காப்புக் காட்டில் தீ வைப்பது 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். காட்டை ஒட்டிய பட்டா நிலத்தில் எரித்தே ஆக வேண்டுமெனில், தை பிறக்குமுன், காலை வேளையில், சுற்றிலும் மண்ணைக் கொத்திவிட்டு, வனக் காவலருக்குச் சொல்லிவிட்டு எரிக்கட்டும். பங்குனி மாலையில் எரிப்பவருக்கு வேலி தம்முடையது, காற்று தம்முடையதன்று.

இறுதியாக ஒரு நடைமுறைச் சங்கடம். கைபேசியில் வரும் தீச் செய்தி, இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகக் கூறும். நம் நகரம் ஏறத்தாழ வடக்கே 10.36, கிழக்கே 77.97 என்பது போல. புள்ளிக்குப் பின் இரண்டாம் இலக்கத்தில் ஒன்று பிசகினால் இடம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். நம்மவர் காட்டை எண்களால் அறிவதில்லை. ஊற்றடி, மொட்டைப்பாறை, பழைய பட்டிக்காடு என்று பெயர்களால் அறிவர். செய்தி வந்தும், ‘இது எந்த இடம்?’ என்று தேடிக்கொண்டு நின்றால் வந்த பயன் இல்லை. ஆதலின் ஐப்பசி, கார்த்திகையில், மலை பசுமையாய் இருக்கும்போதே, வனக் காவலரும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் கைபேசியோடு அவ்விடங்களுக்குச் சென்று, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அதன் எண்களைக் குறித்து வரவேண்டும். அருகில் தண்ணீர் உள்ள இடத்தையும், ஏறும் ஒற்றையடிப் பாதையையும், தீத்தடுப்புக் கோடு வெட்டியிருக்கும் இடத்தையும் சேர்த்து எழுதலாம். இப்படி நாற்பது ஐம்பது பெயர்கள் கொண்ட அட்டவணை ஒன்று ஊராட்சி அலுவலகச் சுவரிலும், ஒரு படி வனச் சரக அலுவலகத்திலும் தொங்கட்டும். தை மாதம் புல் காயத் தொடங்குமுன் அது முடிந்திருக்க வேண்டும்.